அம்பாந்தோட்டைக்குப் போகாத சைக்கிள்

பதுளைக் கடைவீதியில் வாசகசாலை நடத்தும் நண்பர்கள் தங்கள் ஆண்டு மலருக்கு என்னிடம் ஒரு பயணக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பதுளையிலிருந்து கடல்வரை தன்னந்தனியாகச் சைக்கிளில் புறப்பட்ட முதல் ஆள் நான்தானாம். புறப்பட்டது உண்மை. போய்ச் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்பதற்கு ஊரில் ஒரு கதை உலவுகிறது. அதில் நான் மிக நல்லவனாக வருகிறேன். இத்தனை வருஷமாக அந்தக் கதையை நான் மறுத்துப் பேசவில்லை. அதை இங்கே எழுதப் போவதுமில்லை.

என் பெயர் சொர்ணலிங்கம். பிறந்தது சிவகங்கைச் சீமையில். பதினாறு வயதில் அண்ணன் துணிக்கடையில் கஜக்கோல் பிடிக்க வந்தேன். தூத்துக்குடியில் கப்பலேறியது முதல் கொழும்பில் இறங்கியது வரை கண்ணை மூடிக்கொண்டு வாந்தி எடுத்தேன். ஆகவே கடலைக் கடந்து வந்தவன்தான், பார்த்தவன் அல்ல. பக்கத்து மளிகைக் கடைக்கு அம்பாந்தோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் உப்பு வரும். மூட்டை இறக்கும் வண்டிக்காரர்கள் கடலைப் பற்றிச் சொல்வார்கள். கரையோரத்தில் தண்ணீர் வற்றி, உப்பு தானாக விளைந்து, வெயிலில் கண் கூசும் என்பார்கள். துணி கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அப்படித்தான் முளைத்தது.

சைக்கிள் வந்தது சண்டையால். வெள்ளைக்காரச் சீமையில் பெரிய சண்டை மூண்டதும் தேயிலைத் தோட்டத்துத் தொரைமார் பலர் பட்டாளத்தில் சேரப் போனார்கள். கொஸ்லந்தைப் பக்கத்துத் தோட்டமொன்றின் சின்னத் தொரையும் போனார். அவர் சாமான்களைப் பதுளையில் ஏலம் போட்டார்கள். சைக்கிளையும் தொப்பியையும் ஒரே கூறாகக் கட்டியிருந்தார்கள். ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் எடுக்க வேண்டும். எனக்கு இரண்டுமே வேண்டியிருந்தது.

சைக்கிளில் ஒரு மணி இருந்தது. பாதித் தேங்காய்ச் சிரட்டை அளவு பெரியது. ஒருதரம் அழுத்தினால் ‘கிணிங்’ என்றும் விட்டால் ‘கிணாங்’ என்றும் இரண்டு குரலில் பேசும். ஏலத்துக்குச் சாமான் கொண்டுவந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அதைத் தட்டிக் காட்டிப் பெருமையாகச் சொன்னார். “இந்தச் சத்தம் கேட்டா எங்க ரோட்டுல ஒரு ஆளு நிக்காதுங்க. எல்லாம் கான்ல எறங்கிரும்.” கான் என்றால் ரோட்டோரம் தண்ணீர் ஓட வெட்டிக் கல் பதித்த வாய்க்கால். இறங்காதவர்கள் தோளில் சின்னத் தொரை போகிற போக்கில் பிரம்பால் ஒன்று போடுவாராம். கேட்டுச் சிரித்தேன். அந்தத் தோட்டத்து ரோடு நான் போகப் போகும் வழியில்தான் இருந்தது. அது எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய்.

மைதானத்தில் விழுந்து எழுந்து சைக்கிள் பழகினேன். பிறகு நாலு மாசம் திட்டம் போட்டேன். மத்தியானம் கடை அசந்திருக்கும் வேளையில், துணி சுற்றும் தாளில் வழியை வரைவேன். ரோட்டு ஓவர்சியர் ஒருவர் எங்கள் வாடிக்கைக்காரர். அவர் வந்தால் பாலம் எங்கே, பள்ளம் எங்கே என்று குடைவேன். அட்டைக்கடிக்குச் சவர்க்காரம், பசிக்கு அவலும் கருப்பட்டியும், டயருக்கு ஒட்டுப்போட ரப்பர் என்று சாமான் பட்டியல் நீண்டுகொண்டே போனது. கடைத் தையற்காரரைக்கொண்டு காக்கியில் கால்சட்டையும் கோட்டும் தைத்துக்கொண்டேன். துணி வாங்க வந்தவர்களையெல்லாம் பிடித்து வைத்து என் பயணத்தைச் சொன்னேன். போகுமுன்பே போய்வந்த மரியாதை எனக்குக் கிடைத்துவிட்டது.

அண்ணனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “கடல் எங்கயும் ஓடிறாதுடா. ஆடித் திருவிழா வியாபாரம் முடியட்டும்” என்றார். முடிந்தது. ஆவணியில் ஒரு விடியற்காலை நெற்றியில் திருநீறும் தலையில் தொப்பியுமாகப் புறப்பட்டேன். கடைவீதியே வாசலுக்கு வந்து பார்த்தது.

பதுளையை விட்டு வெளியே வந்ததும் மேடு தொடங்கிவிட்டது. எங்கள் சீமையில் மேடு என்றால் கண்மாய்க் கரைதான். ஏறி இறங்கினால் தீர்ந்தது. இந்த நாட்டு மேடு ஏறி முடித்த பிறகும் தலைக்கு மேலேயே நிற்கும். ஊர்க் கண் மறைகிறவரை கௌரவமாக மிதித்தேன். பிறகு இறங்கித் தள்ளினேன். அன்று சைக்கிள் என்னைச் சுமந்த தூரத்தைவிட நான் அதைச் சுமந்த தூரம்தான் அதிகம். கீழே வந்துகொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் சைக்கிளை விற்றுவிட்டு ஒரு மாடு வாங்கிக்கொள்ளச் சொன்னார். பதில் சொல்ல எனக்கு மூச்சில்லை.

தெமோதரைக்குச் சற்று முன்னால் எதிரே ஒரு தொரை குதிரையில் வந்தார். அப்போதுதான் ஒரு சமதளம் கிடைத்து ஏறி உட்கார்ந்திருந்தேன். உடனே இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று இன்றும் தெரியவில்லை. அது சர்க்கார் ரோடு. நான் அவர் தோட்டத்து ஆளுமில்லை. கால் தானாக இறங்கியது. கை தானாகத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தது. அவர் குதிரையை நிறுத்தித் தொப்பியைப் பார்த்தார், பிறகு என் செருப்பைப் பார்த்தார். இதை எங்கே திருடினாய் என்று தொரைமார் தமிழில் கேட்டார். ஏலத்தில் எடுத்தேன் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று பண்டாரவளையில் எங்கள் ஊர்க்காரர் கடையில் தங்கினேன். ரயில் அந்நாளில் பண்டாரவளையோடு நின்றிருந்தது. ஆகவே அங்கே கடைகளில் எப்போதும் கூட்டம். சோறும் சுறாக் கருவாட்டுக் குழம்பும் போட்டு, பயணம் எப்படி என்று கேட்டார்கள். வழியில் ஒரு தொரை குதிரையை நிறுத்தி என்னோடு பேசிவிட்டுப் போனார் என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனாலும் செருப்பைப் பார்த்த அந்தப் பார்வை என்னை விடவில்லை.

மறுநாள் அப்புத்தளை. ரோடு மலை முதுகின்மேல் ஏறி நிற்கிற ஊர் அது. வானம் தெளிந்திருந்தால் அங்கிருந்தே தெற்கே அம்பாந்தோட்டைக் கடல் தெரியும் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். அதற்காகவே இந்த வழியை எடுத்தேன். நான் போன நேரம் எதிரே இருந்த கடையின் பலகைகூடத் தெரியவில்லை. அத்தனை மூடுபனி. விலகும் விலகும் என்று ஒரு சிங்களவர் தேநீர்க்கடையில் உட்கார்ந்தேன். தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய ரொட்டியும் கொச்சிக்காய்ச் சம்பலும் கொடுத்தார். எங்கள் ஊர்க் கேப்பை ரொட்டியை நினைத்துக் கடித்தேன். காரம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அவர் கித்துள் மரத்துக் கருப்பட்டியை ஒரு துண்டு உடைத்துக் கையில் வைத்தார். எங்கே போகிறேன் என்று கேட்டார். கடல் பார்க்க என்றேன். “உங்களை யாராவது துரத்துகிறார்களா?” என்று தம் மொழியில் கேட்டார். இல்லை என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

மத்தியானம்வரை பனி விலகவில்லை. இனி இறக்கம்தான், அதுவும் சாதாரண இறக்கமில்லை என்று அவர்தான் எச்சரித்தார். பிரேக் தாங்காது என்று சொல்லி, கடைக்குப் பின்னாலிருந்து இலையோடு ஒரு கிளையை வெட்டிவந்து சைக்கிளின் பின்னால் கயிற்றால் கட்டிவிட்டார். கிளை ரோட்டில் இழுபட்டால் வேகம் மட்டுப்படும் என்றார். தலையில் தொரைத் தொப்பியும் பின்னால் இலை வாலுமாக நான் மலையை விட்டு இறங்கியதைப் பனி மறைத்தது நல்லதாகப் போயிற்று.

பெரகலையைத் தாண்டிக் கொஸ்லந்தை ரோட்டில் திரும்பியதும் சரிவு குறைந்தது. கயிற்றை அறுத்துக் கிளையை எறிந்தேன். இரண்டு பக்கமும் தேயிலை. பனி இங்கேயும் கீழிறங்கி வந்திருந்தது. எதிரே தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு இரண்டு ஆட்கள் வருவது மங்கலாகத் தெரிந்தது. மணியை அழுத்தினேன். கிணிங், கிணாங். இருவரும் சட்டென்று கானில் இறங்கி, தலையில் போட்டிருந்த கம்பளியை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார்கள். நான் கடந்து போனேன்.

கணக்கப்பிள்ளை சொன்ன தோட்டம் இதுதான் என்று அப்போதே புரிந்துவிட்டது. நியாயப்படி மணியிலிருந்து கையை எடுத்திருக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. நேற்று என் செருப்பைப் பார்த்துச் சிரித்தவர் நினைவுக்கு வந்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டேன். இன்னொரு ஆள் வந்தார், அடித்தேன், இறங்கினார். யாருமே வராத இடத்திலும் ஒருதரம் அடித்துப் பார்த்தேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், அது இனித்தது.

ஒரு வளைவைத் திரும்பியபோது கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக ஸ்டோருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும். சாயங்கால நிறுவைக்குப் போகும் அவசரம். முதுகில் கூடை நிறையக் கொழுந்து. ரோட்டில் இடம் தாராளமாக இருந்தது. ஒதுங்கிப் போயிருக்கலாம். நான் மணியடித்தேன்.

எல்லோரும் ஒரே நேரத்தில் கானுக்குள் பாய்ந்தார்கள். நடுவில் ஒருத்தி பிந்திவிட்டாள். வயிறு பெரிதாக இருந்ததைக் கடக்கும்போது பார்த்தேன். அவள் கால் கானின் விளிம்புக் கல்லில் வழுக்கியது. கூடையோடு பின்பக்கமாகப் போனாள். கல்லில் ஏதோ மோதிய சத்தம் கேட்டது. அவள் கத்தினாள். உடனே இன்னொரு பெண்ணின் குரல் அதட்டியது. “தொரை போறாரு, சும்மா இரு.”

திரும்பிப் பார்த்தேன். கொழுந்து ரோட்டில் கொட்டிக் கிடந்தது. அவள் கானுக்குள் ஒரு காலை மடக்கியபடி கிடந்தாள். மற்றவர்கள் தலை குனிந்து அப்படியே நின்றார்கள். நான் கண்ணுக்கு மறைகிறவரை அவளைத் தூக்க ஒருத்திகூடக் குனியவில்லை.

நான் நிற்கவில்லை. நின்றிருந்தால் தொப்பியின் கீழே இருப்பது பதுளைக் கடைவீதியில் துணி கிழிப்பவன் முகம் என்று தெரிந்துபோகும். இவனுக்காகவா இறங்கினோம் என்று அத்தனை பெண்களும் பார்ப்பார்கள். அந்த வெட்கத்துக்குப் பயந்து மிதித்தேன். வேறு காரணம் எதுவுமில்லை. பிற்பாடு எத்தனையோ காரணங்களை ஜோடித்துப் பார்த்தேன், ஒன்றும் நிற்கவில்லை.

ஒரு மைல் போயிருப்பேன். மிதித்த வேகத்தில் சங்கிலி கழன்றுகொண்டது. மதகுக் கட்டையில் சைக்கிளைச் சாய்த்து, கையெல்லாம் மசியாக்கிக்கொண்டு மாட்டினேன். மாட்டி முடிக்கும்போது மேலே ரோட்டில் யாரோ ஓடிவரும் சத்தம். என்னைப் பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். தொப்பியைக் கழற்றி மூட்டைக்குள் திணித்தேன். மணியின் திருகாணியைத் திருகி அதையும் கழற்றினேன். அது ஒருதரம் முனகியது. கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டேன். விழுந்தவளை எட்டிப் பார்க்க இல்லாத நேரம், மணி கழற்ற இருந்தது.

வந்தவன் ஒரே ஆள். முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் நின்று கும்பிட்டான். பெயர் முத்தையா. கொஸ்லந்தைக் கடைவீதிக்கு வண்டி பிடிக்க ஓடுகிறான். பெண்சாதி வீராயி கானில் விழுந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. எட்டு மாசம். இடுப்பும் வலிக்கிறது என்கிறாள். தோட்டத்து மருந்துக்காரர் ஊரில் இல்லை. தோட்டத்து வண்டி தேயிலைப் பெட்டி ஏற்றி ரயிலுக்குப் போயிருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டே இவ்வளவையும் சொன்னான்.

எப்படி விழுந்தாள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் தெரியாதவன் கேட்பான் அல்லவா, அதற்காகக் கேட்டேன்.

“சண்டைக்குப் போன சின்னத் தொரை திரும்பி வந்துட்டாருங்க. அவரு மணிதான். அவ மேலதாங்க தப்பு. சத்தம் கேட்டதும் எறங்கியிருக்கணும். மாசமா இருக்கவ, கொஞ்சம் பிந்திட்டா.” பிறகு என் சைக்கிளைப் பார்த்தான். “ஐயா, இது ஓடுங்களா?”

ஓடும் என்றேன். அவனைத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்பிப் போகச் சொல்லிவிட்டு ஏறி மிதித்தேன். அதுவரை நான் அப்படி மிதித்ததில்லை. பள்ளம் வரும்போதெல்லாம் கோட்டுப் பைக்குள் மணி கைக்குட்டையோடு குதித்து அடிவயிற்றில் இடித்தது.

கொஸ்லந்தையில் வண்டி வைத்திருந்தவர் ஒரு சிங்களவர், அறுபது வயதுக்காரர். அவித்த மரவள்ளிக் கிழங்கை வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்திருந்தார். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். யார், எந்தத் தோட்டம், என்ன தருவாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. கிழங்கை அப்படியே மூடி வைத்துவிட்டு மாட்டைப் பூட்டினார். வண்டியில் வைக்கோலைப் பரப்பும்போது, எத்தனை மாசம் என்று மட்டும் கேட்டார். எட்டு என்றேன். இன்னும் இரண்டு கட்டு வைக்கோல் போட்டார்.

லயத்துக்குப் போனபோது வீராயியைக் கதவுப் பலகையில் படுக்க வைத்திருந்தார்கள். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், சத்தமே வரவில்லை. தொரைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று இன்னும் அடக்கிக்கொண்டிருந்தாளோ என்னவோ. பெண்கள் கூடி அவளை வண்டியில் ஏற்றினார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, “சாமியா வந்தீங்க” என்றாள். அந்தக் குரல் எனக்குத் தெரியும். “சும்மா இரு” என்று அதட்டிய குரல் அது.

வண்டிக்குப் பின்னாலேயே, நான் வந்த வழியே மேலேறி, பெரகலைக்கு அப்பால் ஹல்துமுல்லை ஆஸ்பத்திரிவரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். முத்தையா வழியெல்லாம் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டு வந்தான். ஏறிக்கொள்ளுங்கள் ஐயா, கால் வலிக்கும் என்றான். நான் ஏறவில்லை. சொல்லிவிடலாம் என்று மூன்றுதரம் வாயைத் திறந்தேன். முதல் தரம் ஏற்றம், இரண்டாம் தரம் அவள் முனகினாள், மூன்றாம் தரம் ஆஸ்பத்திரி விளக்குத் தெரிந்துவிட்டது. இப்படித்தான் என் வாய் மூடியது.

காலுக்குக் கட்டுப்போட்டார்கள். குழந்தை அசைகிறது, பயமில்லை என்று டாக்டர் சொன்னதைத் தாழ்வாரத்தில் நின்று கேட்டேன். முத்தையா என் காலில் விழப் போனான். தடுத்துத் தூக்கியபோது அவன் கை என் கோட்டுப் பைமேல் பட்டது. உள்ளே இருந்ததை என்ன என்று அவன் கேட்கவில்லை. எங்கே போகப் புறப்பட்டீர்கள் என்றான். கடல் பார்க்க என்று சொல்லக் கூசியது. வியாபார விஷயமாக என்றேன்.

கடலுக்குப் போக வேண்டுமானால் மறுபடியும் அதே ரோட்டில், அதே பெண்களைத் தாண்டித்தான் போக வேண்டும். என்னால் முடியவில்லை. பதுளைக்கே திரும்பினேன். அப்புத்தளை ஏறியபோது வானம் கழுவிவிட்டதுபோல் தெளிந்திருந்தது. தேநீர்க்கடைக்காரர் ஓடிவந்து என் தோளைப் பிடித்துத் திருப்பித் தெற்கே கையை நீட்டினார். கீழே காடெல்லாம் முடிந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. அதுதான் கடல் என்றார். பார்த்தேன். அதைப் பார்க்க அன்று எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. கண்ணை இறக்கிக்கொண்டேன். தொப்பி எங்கே என்று கேட்டார். அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

எனக்கு முன்னால் செய்தி பதுளைக்கு வந்துவிட்டது. தபால்காரர்களும் வண்டிக்காரர்களும் வாய்க்கு வாய் கொண்டுவந்திருந்தார்கள். ஆசையாசையாய்ப் போட்ட திட்டத்தை ஒரு ஏழைப் பெண்ணின் உயிருக்காக விட்டுவிட்டு வந்தவன் என்று கடைவீதி என்னைக் கொண்டாடியது. அண்ணன் என் இலையில் இன்னொரு கரண்டி நெய் விட்டார். நான் கடைக்கு வந்த எட்டு வருஷத்தில் அவர் என்னைப் பாராட்டியது அந்த ஒருதரம்தான். அதையும் இழக்க எனக்கு மனம் வரவில்லை. மணியை நூல்கண்டுப் பெட்டியின் அடியில் போட்டேன். சைக்கிள் கடைக்குப் பின்னால் துருப்பிடித்தது.

அடுத்த தையில் முத்தையாவும் வீராயியும் கடைக்கு வந்தார்கள். லயத்துக்குப் பின்னால் போட்ட தோட்டத்தில் காய்த்த முதல் பூசணிக்காய் எனக்கு. வீராயி ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். கையில் பெண் குழந்தை. பெயர் சொர்ணம் என்றார்கள். “ஒங்க பேருதாங்க வச்சிருக்கு” என்றான் முத்தையா. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது. உள்ளே போய்த் துணி எடுக்கிற பாவனையில் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு தைக்குத் தை வந்தார்கள். ஒவ்வொரு தையிலும் ஒரு பூசணிக்காய். நானும் குழந்தைக்குச் சட்டைத் துணியோ பாவாடைத் துணியோ கொடுப்பேன். வீராயி காலை இழுத்துக் கடைப்படி ஏறும்போது மட்டும் எனக்கு எப்போதும் வேறு பக்கம் வேலை இருக்கும். சின்னத் தொரை சண்டையிலிருந்து திரும்பவில்லை என்று பிற்பாடு தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அன்று மூடுபனியில் போனது யார் என்று கேட்டால், அது அவருடைய ஆவி என்றுகூட அங்கே சிலர் சொன்னார்களாம்.

போன தையில் முத்தையா வரும் வழியிலேயே பிரிந்து, பதுளைக்குப் புதிதாக வந்திருக்கும் ரயிலைப் பார்க்கப் போய்விட்டான். வீராயியும் சொர்ணமும் மட்டும் வந்தார்கள். பூசணிக்காயைக் கடைப்பலகையில் வைத்துவிட்டு வீராயி ரோட்டில் நின்று முந்தானையைத் தலையில் சரிசெய்துகொண்டிருந்தாள். சொர்ணம் உரிமையோடு உள்ளே வந்தது. பாவாடைத் துணியை அதன் தோளில் போட்டுவிட்டு, பொருத்தமான நூலை நீயே எடுத்துக்கொள் என்றேன். பெட்டிக்குள் கையைவிட்டுக் கிளறியது. மணியை வெளியே எடுத்தது. என் கை நீளுமுன் அழுத்திவிட்டது.

கிணிங், கிணாங்.

வீராயி கானில் இறங்கிவிட்டாள். கடைவீதிச் சாக்கடை அது, கணுக்கால்வரை அழுக்குத் தண்ணீர். முந்தானையைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, நொண்டிக் காலைத் தண்ணீரில் ஊன்றிக் குனிந்து நின்றாள். எதிர்க்கடையில் யாரோ சிரித்தார்கள். ஒன்றும் கடந்து போகாததைக் கண்டு மெல்ல நிமிர்ந்தாள். பெண்ணின் கையில் மணியைப் பார்த்தாள். “பழக்கமுங்க” என்று எனக்குச் சமாதானம் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே காலை உதறி ஏறி வந்தாள். அருகே வந்து மணியை உற்றுப் பார்த்தாள்.

“இது சின்னத் தொரை மணியில்லீங்களா?”

ஏலத்தில் எடுத்தது என்று சொன்னால் போதும். அதுவும் உண்மைதான். ஆனால் தரையில் அவள் ஈரக்கால் பதிந்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“ஏலத்துல எடுத்தேன் வீராயி. அன்னைக்கு அடிச்சதும் நான்தான். நீ விழுந்ததப் பாத்தேன். பாத்துட்டு நிக்காமப் போயிட்டேன்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அன்று மூடுபனியில் கண்டதை இந்த முகத்தின்மேல் வைத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

“அப்ப தொரை இல்லையா?”

“இல்லை.”

“நீங்கன்னு தெரிஞ்சிருந்தா நாங்க எறங்கியிருக்கவே மாட்டோமே” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. வழி தவறி வந்தவருக்கு வழி சொல்வதுபோலத்தான் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவள் காதில் விழுந்ததாகவும் தெரியவில்லை. பெண்ணின் கையிலிருந்து மணியை வாங்கிக் கடைப்பலகையில் வைத்தாள். அதன் தோளிலிருந்து பாவாடைத் துணியை எடுத்து, மடிப்புக் கலையாமல் மடித்து, மணிக்குப் பக்கத்தில் வைத்தாள். பூசணிக்காயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

ரோட்டில் இறங்கி நின்று, “சொர்ணம், வா” என்று கூப்பிட்டாள். என்னிடமிருந்து வாங்கியதில் அவளால் திருப்பி வைக்க முடியாமல் போனது அந்தப் பெயர் ஒன்றுதான்.